காயலான் கடையில் ஒரு ஆன்டெனா!

பாண்டிச்சேரியில் பைக் ஓட்டுகிற யாராக இருந்தாலும், ராஜீவ் காந்தி சிக்னலில் பச்சை விழுவதற்காகக் காத்துக் கிடந்திருப்பீங்க. அடுத்த தடவை நிக்கும்போது, அங்கே இருக்கிற சிலையைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. அவர் பிரதமரா இருந்தார், விமானம் ஓட்டினார்... இதெல்லாம் தெரியும். இன்னொரு மேட்டர் தெரியுமா? அவர் ஒரு 'ஹாம்'! வி.யூ.2.ஆர்.ஜி. என்பதுதான் காற்றலையில் அவருடைய பெயர்.

ஹாம்னா? அரசாங்கத்துக்கிட்ட உரிமம் வாங்கி, சொந்தமா ஒரு வயர்லெஸ் நிலையம் வெச்சுக்கிட்டு, உலகத்துல இருக்கிற மத்த ஹாம்களோட பேசுறவர். டவர் கிடையாது, சிம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. இவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அவர் வீட்டு மொட்டை மாடிக்கு நேரா காத்துல போற குரல். அவ்வளவுதான்.

அந்த சிக்னல்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற தட்டாஞ்சாவடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, லைசென்ஸுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன். செட்டுக்கு எப்படியாவது காசு தேத்திடுவேன். ஆன்டெனா எந்தக் கடையில கிடைக்கும்?"

தம்பி, அந்தக் கடை உங்க வீட்டுலேர்ந்து நடந்து போற தூரத்துலதான் இருக்கு. ஆனா போர்டுல 'ஆன்டெனா'ன்னு எழுதியிருக்காது. அந்தக் கடையைத்தான் இந்த வாரம் சுத்திப் பார்க்கப் போறோம். அதுக்கு முன்னாடி, நான் ஏன் இந்த வேலையில இறங்கினேன்னு சொல்லிடறேன்.

22 கிலோமீட்டர்

2011 டிசம்பர் 30, விடியற்காலை. 'தானே' புயல் பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையைக் கடந்தது. இப்போ காலேஜ் படிக்கிற உங்களுக்கு அப்போ நாலஞ்சு வயசு இருந்திருக்கும்; இருட்டு மட்டும் ஞாபகம் இருக்கலாம். நான் அப்போ மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டு இருந்தேன். காலையில கதவைத் திறந்தா தெரு தெரியலை. மரம்தான் தெரிஞ்சுது. கரண்ட் கம்பம் எல்லாம் கும்பிடு போட்டுக் கிடந்தது. செல்போன்ல டவர் செத்துப்போச்சு.

எங்க அத்தை வீடு கடலூர்ல. ஓட்டு வீடு. "என்ன ஆச்சோ"ன்னு அப்பா கூடத்துக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டே இருந்தார். மறுநாளும் போன் வரலை. டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கிட்டு, விழுந்த மரத்துக்கு நடுவுல தள்ளிக்கிட்டும் ஓட்டிக்கிட்டும் போய்ச் சேர்ந்தார். ஓடு பறந்திருந்தது, ஆளுங்க பத்திரம். திரும்பி வந்து அவர் சொன்னது ஒரே வார்த்தை. "நல்லாயிருக்காங்க."

வெறும் 22 கிலோமீட்டர் தூரத்துல இருந்த அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு!

அப்புறம்தான் ஹாம் ரேடியோ பத்திப் படிச்சு, ஒரு கணக்குப் போட்டேன். வி.எச்.எஃப். அலைவரிசையில குரல் எவ்வளவு தூரம் போகும்னு தோராயமாச் சொல்ல ஒரு சூத்திரம் இருக்கு. ரெண்டு பக்கத்து ஆன்டெனா உயரத்தையும் மீட்டர்ல எடுத்து, தனித்தனியா வர்க்கமூலம் கண்டுபிடிச்சுக் கூட்டி, 4.12-ஆல பெருக்கினா கிலோமீட்டர் கிடைக்கும். நடுவுல மலை, பெரிய கட்டடம் இல்லாத சமவெளிக்கு இது பொருந்தும். ரெண்டு பக்கமும் தரையிலிருந்து 12 மீட்டர் உயரம்னு வெச்சுக்குங்க, அதாவது மாடி வீடு, மேல ஒரு கம்பம். விடை சுமார் 28 கிலோமீட்டர்!

பாண்டியிலும் கடலூரிலும் ஆளுக்கொரு ஹாம், ஆளுக்கொரு சின்ன செட், ஒரு கார் பேட்டரி, மாடியில ஒரு நல்ல ஆன்டெனா இருந்திருந்தா, அப்பா நடந்து நடந்து கால் வலிச்சிருக்காது. இதுல செட்டும் பேட்டரியும் காசு கொடுத்தா கிடைக்கும். நாமே செய்யவேண்டியது ஆன்டெனாதான். அதிலும் புயல் வந்து ஒண்ணைப் பிச்சு எறிஞ்சா, பார்சல்ல புதுசு வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்க முடியாது. கைக்குக் கிடைச்சதை வெச்சு அன்னைக்கே இன்னொண்ணு கட்டத் தெரியணும்.

நம்ம ஊரு தனி நாடு!

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு குட்டி சரித்திரம். உலகம் பூரா இருக்கிற ஹாம்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. எத்தனை நாட்டோட பேசினோம்னு எண்ணிக்கிட்டே இருப்பாங்க. அதுக்கான பட்டியலை அமெரிக்காவின் ஏ.ஆர்.ஆர்.எல். அமைப்பு பராமரிக்குது. அந்தப் பட்டியல்ல நம்ம பிரெஞ்சு இந்தியா தனி நாடாவே இருந்தது. அடையாளம் எஃப்.என்.8. இப்போ அது 'நீக்கப்பட்ட நாடுகள்' வரிசையில இருக்கு. 1954 அக்டோபர் 31 வரைக்கும் பேசினது மட்டும்தான் கணக்கு. மறுநாள் நவம்பர் 1-ல நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துடுச்சே!

அந்தக் காலத்துல ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி ஆன்டெனா வாங்கியிருக்க முடியுமா? கம்பியும் கழியும் கயிறும்தான். இந்தத் துறையோட பாரம்பரியமே அதுதான். 1890-களில் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ரேடியோ அலைகளை ஆராய்ச்சி பண்ணினபோது, ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தோட பக்கங்களுக்கு நடுவுல ஈயத்தாளைச் செருகி ஒரு கருவியாக்கிட்டார். முறுக்கின சணலைக்கூட விடலை. 1901 டிசம்பர்ல மார்க்கோனி அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சிக்னலைப் பிடிச்சது எதுல? ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அது தூக்கிப் பிடிச்ச கம்பியில!

பட்டமே போதும்னா, தட்டாஞ்சாவடி தாராளம்.

ஒரே ஒரு கணக்கு

ஆன்டெனான்னா பயப்படாதீங்க. எல்லாத்துக்கும் தாய் 'டைபோல்'. ரெண்டு துண்டுக் கம்பி, நடுவுல கேபிள். அவ்வளவுதான். மொத்த நீளம் மீட்டர்ல எவ்வளவு? 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகுங்க.

14.2 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர். நடுவுல வெட்டினா பக்கத்துக்கு 5 மீட்டர். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர். 145 மெகாஹெர்ட்ஸுக்கு வெறும் 99 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 49 செ.மீ. சொச்சம். பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரா இருந்தா ரெண்டு மூணு சதவீதம் குறையும். அதனால முதல்ல கொஞ்சம் நீளமாவே விடுங்க. மிச்சத்தை வெட்டலாம், வெட்டினதை ஒட்ட முடியாது.

கணக்கு முடிஞ்சுது. பையை எடுங்க, கிளம்பலாம்.

முதல் கடை: காயில் கட்டுற கடை

மோட்டார் காயில் கட்டுற கடை இல்லாத பேட்டை உண்டா? தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் போனா பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. காயில் கடையில எனாமல் பூசின தாமிரக் கம்பியைக் கிலோ கணக்குல வெச்சிருப்பாங்க. "அண்ணே, 16-ஆம் நம்பர் கம்பி மிச்சம் மீதி இருக்கா?"ன்னு கேளுங்க. ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, எனாமலைப் பிளேடால நல்லா சுரண்டிட்டுத்தான் சால்டர் பண்ணணும். இல்லைன்னா ஒட்டின மாதிரி இருக்கும், ஆனா ஓடாது. ரெண்டு, இந்தக் கம்பி மெத்துனு இருக்கும். அப்படியே கட்டினா காத்துல இழுபட்டு நீண்டுடும். ஒரு முனையைக் கம்பத்துல கட்டி, நல்லா ஒரு இழுப்பு இழுத்து, அதுக்கப்புறம் அளந்து வெட்டுங்க.

காயில் கம்பி கிடைக்கலையா? எலெக்ட்ரிக்கல் கடையில வீட்டு ஒயரிங்குக்கு விற்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். கட்டட வேலை முடிஞ்ச இடத்துல மிச்சத் துண்டு கிடைச்சா இன்னும் விசேஷம். பழைய கடையில "தாமிரம்"னு கொடுக்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க. பையில ஒரு சின்னக் காந்தம் வெச்சுக்குங்க. ஒட்டுச்சுன்னா உள்ளே இரும்பு. ஒட்டலைன்னாலும் பிளேடால லேசா கீறிப் பாருங்க. உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அது தாமிர முலாம் பூசின அலுமினியம். ஆன்டெனாவா வேலை செய்யும், ஆனா மடிச்சு மடிச்சு வளைச்சா ஒடிஞ்சுடும்.

ரெண்டாவது கடை: காயலான் கடை

இதுதான் சொர்க்கம் பாஸ்! தானே புயல் முடிஞ்ச வாரம் எங்க ஏரியா காயலான் கடை வாசல்ல, மாடியிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட பழைய டி.வி. ஆன்டெனாக்கள் குவிஞ்சு கிடந்தது. தூர்தர்ஷன் காலத்து ஆன்டெனா. முதுகெலும்பும் விலா எலும்புமா மீன் முள் மாதிரி இருக்குமே, அதேதான். அதுக்குப் பேரு யாகி-உடா. 1926-ல ஜப்பான்ல உடா, யாகிங்கிற ரெண்டு பேர் உலகத்துக்குச் சொன்ன டிசைன். தாத்தா மாடி ஏறித் திருப்பித் திருப்பி, "இப்ப தெரியுதா?"ன்னு கத்தினாரே, அது உலகப் புகழ் பெற்ற கண்டுபிடிப்பு!

அந்த அலுமினியக் குழாய்களை எடை போட்டு வாங்கினோம். என்னோட முதல் ஆன்டெனா புயல் உடைச்சுப் போட்டதுல செஞ்சது. இன்னைக்கும் பழைய மாடிகள்ல இது மாதிரி சும்மா துருப்பிடிச்ச ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கும். வீட்டுக்காரங்களைக் கேட்டா, "கழட்டி எடுத்துட்டுப் போப்பா, புண்ணியமாப் போவும்"னு சொல்வாங்க.

ஒரு எச்சரிக்கை. அங்கே கிடக்கிற பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ள மஞ்சள் வெள்ளை பூசின வளையம் ஒண்ணு இருக்கும். "இதுல பாலன் சுத்தலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அது பவர் சப்ளைக்கான இரும்புத் தூள் வளையம். நம்ம அலைவரிசையில சூடாகித்தான் போகும். அதுக்குப் பதிலா கேபிளையே ஒரு பி.வி.சி. பைப்புல ஏழெட்டுச் சுத்து நெருக்கமா சுத்தி, ஆன்டெனாவுக்குக் கீழேயே கட்டிடுங்க. 14 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அலைவரிசைக்கு அதுவே நல்ல 'சோக்'. செலவு ரெண்டு டேக்.

மூணாவது கடை: சைக்கிள் கடை, வெல்டிங் கடை, பிளம்பிங் கடை

சைக்கிள் போக்ஸ் கம்பி தெரியுமில்ல? 435 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் வெறும் 16.4 செ.மீ. பழைய சக்கரத்திலிருந்து அஞ்சு போக்ஸ் எடுத்தா, நடுவுல ஒண்ணு நேரா, நாலு கீழே சாய்வா... ஒரு 'கிரவுண்ட் பிளேன்' ரெடி. போக்ஸ் கம்பியில சால்டர் லேசுல ஒட்டாது. நட்டு போல்ட்டுல பிடிச்சுடுங்க.

145 மெகாஹெர்ட்ஸுக்குப் போக்ஸ் நீளம் பத்தாது. வெல்டிங் சாமான் கடையில பித்தளை ராடு கேளுங்க, 3 மில்லிமீட்டர் கனம். சால்டர் அழகா ஒட்டும். நடுக்குச்சி 49 செ.மீ. கீழே நாலு குச்சி, ஒவ்வொண்ணும் 52 செ.மீ., 45 டிகிரி சாய்வு. எஸ்.ஓ.239-னு ஒரு சாக்கெட். நாலு மூலையில நாலு ஓட்டை இருக்கும். நாலு குச்சிக்கு நாலு ஓட்டை. கடவுள் பார்த்து வெச்ச மாதிரி! பாண்டி–கடலூர் கணக்குக்கு நான் நினைச்ச ஆன்டெனா இதுதான்.

அந்த சாக்கெட், அதுல மாட்டுற பி.எல்.259 கனெக்டர், இதெல்லாம் நம்ம ஊர்ல கிடைக்கலைன்னா சென்னை அண்ணா சாலை பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட். ஒரு நாள் பஸ் பயணம், ஒரு பை நிறைய சாமான். போறதுக்கு முன்னாடி நாலு நண்பர்கள்கிட்ட லிஸ்ட் வாங்கிட்டுப் போனா பஸ் சார்ஜ் பிரிஞ்சுடும்.

பிளம்பிங் கடையில வெள்ளை பி.வி.சி. பைப், டீ, கிராஸ் வாங்குங்க. பைப் துண்டை 10 செ.மீ. நீளத்துக்கு அறுத்து ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டா இன்சுலேட்டர். குறைஞ்ச பவருக்குப் பழைய டூத் பிரஷ் கைப்பிடிகூட ஓகே. ஏற்கெனவே ஒரு முனையில ஓட்டை இருந்தா வேலை இன்னும் மிச்சம்!

நாலாவது கடை: சண்டே மார்க்கெட்

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில சட்டையும் செருப்பும் மட்டும் பார்த்துட்டு வர்றீங்களா? கடப்பாரை, ஸ்பேனர், பழைய எலெக்ட்ரானிக் சாமான் பரப்பி வெச்சிருப்பாங்க பாருங்க, அங்கே குனிங்க. ஒரு இன்ச் அகல இரும்பு மெஷரிங் டேப், சுருள் உடைஞ்சதா இருந்தாலும் பரவாயில்லை, பேரம் பேசி வாங்குங்க. எதுக்கா?

டேப் யாகி! அமெரிக்க ஹாம் ஒருத்தர் போட்ட டிசைன். உலகம் பூரா காலேஜ் பசங்க செய்றாங்க. டேப்பை நாலு துண்டா வெட்டுங்க. பின்னாடி 105 செ.மீ. நடுவுல 45 செ.மீ. துண்டு ரெண்டு, இடையில ஒரு இன்ச் இடைவெளி. முன்னாடி 89 செ.மீ. பின்துண்டுக்கும் நடுத்துண்டுக்கும் 20 செ.மீ., நடுவுக்கும் முன்னுக்கும் 32 செ.மீ. தூரம். பி.வி.சி. கிராஸ், டீ மேல ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்குங்க. நடு ரெண்டு துண்டுலயும் பெயின்டைத் தேய்ச்சு எடுத்துட்டு கேபிளை சால்டர் பண்ணி, அதே இடத்துல 5 இன்ச் கம்பியை 'யூ' மாதிரி வளைச்சு ரெண்டையும் இணைச்சுடுங்க. வாசப்படியில மடங்கும், வெளியே வந்ததும் விறைப்பா நிமிர்ந்துக்கும். டேப்போட குணமே அதுதானே!

இதைக் கையில பிடிச்சுக்கிட்டு, சர்வதேச விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல போற நேரத்துல 145.800 மெகாஹெர்ட்ஸ்ல வெச்சுப் பாருங்க. விண்வெளி வீரர்கள் பள்ளிக்கூடப் பசங்களோட பேசுற நிகழ்ச்சி நடந்தா, குரல் அந்த அலைவரிசையிலதான் இறங்கும். சும்மா கேட்க கம்ப்யூட்டர்ல செருகுற எஸ்.டி.ஆர். டாங்கிள் போதும். நம்ம இஸ்ரோவே 2005 மே 5-ஆம் தேதி 'ஹாம்சாட்'னு ஒரு செயற்கைக்கோளை ஹாம்களுக்காகவே அனுப்பியது. 2014 வரைக்கும் உழைச்சது. அது வழியா எத்தனையோ பேர் இந்த மாதிரி கை யாகியைப் பிடிச்சுக்கிட்டுப் பேசியிருக்காங்க.

அஞ்சாவது கடை: கழியும் கயிறும்

கம்பத்துக்கு ஜி.ஐ. பைப்தான் வேணும்னு இல்லை. பந்தல் போடுறவங்க வெச்சிருக்கிற சவுக்குக் கழி நம்ம கடற்கரை ஊரோட சொத்து. மின்சாரம் கடத்தாது, லேசு, விலையும் கம்மி. மூங்கிலும் அப்படித்தான். 20 மீட்டர் டைபோலை நேரா இழுத்துக் கட்ட நம்ம ஊர் மனைக்கு இடம் ஏது? கவலை வேணாம். நடுவுல ஒரே ஒரு கழி. ரெண்டு கையையும் கூரை மாதிரி சாய்ச்சு இறக்குங்க. அதுக்குப் பேரு 'இன்வெர்ட்டட் வி'. முனைகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்துல இருக்கட்டும். ஒலிபரப்பும்போது முனையைத் தொட்டா சுட்டுடும்.

கயிறுக்குத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் போங்க. வெயிலுக்கும் உப்புக்கும் தாங்குற நைலான் கயிறு மீனவர்களைவிட யாருக்குத் தெரியும்? முடிச்சுப் போடவும் அவங்ககிட்டயே கத்துக்குங்க. இலவசப் பாடம்.

கேபிள்: இங்கேதான் ஏமாறுவீங்க

மெல்லிசான ஆர்.ஜி.58 கேபிள் எல்லா இடத்துலயும் கிடைக்கும். ஆனா 145 மெகாஹெர்ட்ஸ்ல 20 மீட்டர் ஆர்.ஜி.58 போட்டா, செட் கொடுக்கிற சக்தியில பாதிக்கு மேல கேபிளே தின்னுடும். ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்றது மிச்சம் மீதிதான்.

கேபிள் டி.வி.க்காரங்க வெட்டிப் போடுற ஆர்.ஜி.6 துண்டு இதைவிடக் குறைவாத்தான் தின்னும். அது 75 ஓம், நம்ம செட்டு 50 ஓம். ஆனாலும் டைபோலுக்கு இது நல்லாவே ஒத்துப்போகும், எஸ்.டபிள்யூ.ஆர். சுமார் 1.5 காட்டும், அதைச் செட்டு தாங்கும். ஒரே தொல்லை, ஆர்.ஜி.6-ல மேல்வலை பெரும்பாலும் அலுமினியம், சால்டர் ஒட்டாது. டி.வி.க்காரங்க போடுற எஃப் கனெக்டரையே போட்டு இறுக்கிடுங்க.

அளந்து பார்க்க 'நானோ வி.என்.ஏ.'ன்னு உள்ளங்கை அளவுல ஒரு கருவி இப்போ சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்குது. காலேஜ் கிளப்புக்கு ஒண்ணு வாங்கினா போதும். பத்துப் பேருக்கு ஆகும்.

கடைசியா, நம்ம ஊருக்குன்னே ஒரு வியாதி இருக்கு. உப்புக் காத்து. அலுமினியமும் தாமிரமும் நேரா ஒட்டுற இடத்தை ஆறே மாசத்துல அரிச்சுடும். நடுவுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரும் ஸ்க்ரூவும் போடுங்க. மேல சிலிக்கான் பசை, அதுக்கு மேல பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றா வெட்டி இழுத்துச் சுத்துங்க. மழைத் தண்ணி ஒரு சொட்டு கேபிளுக்குள்ள போச்சுன்னா அந்தக் கேபிளை மறந்துடணும்.

ஒரு முழம் தூரம்

இதை எழுதாம இந்தக் கட்டுரையை முடிக்கக் கூடாது. 2012-ல நானும் ரெண்டு நண்பர்களும் இருபது அடி ஜி.ஐ. பைப்பு உச்சியில ஆன்டெனாவைக் கட்டி, மாடியில தூக்கி நிறுத்திக்கிட்டு இருந்தோம். மூணு பேர் கண்ணும் கீழே, பைப்போட அடி மேல. திடீர்னு எதிர் வீட்டுப் பாட்டி கத்தினாங்க. "டேய்... லைன்டா!"

நிமிர்ந்து பார்த்தா, ஆன்டெனா நுனிக்கும் தெருவுல போற கரண்ட் லைனுக்கும் நடுவுல ஒரு முழம்தான். கை நடுங்க நடுங்க இறக்கி வெச்சோம். அன்னைக்கு ராத்திரி மூணு பேரும் சாப்பிடலை. பாட்டி வெத்தலை வாங்க உள்ளே போயிருந்தா, இதை எழுத நான் இல்லை.

அதனால ஒரே விதி. கம்பம் எந்தப் பக்கம் சரிஞ்சு விழுந்தாலும் லைனைத் தொடக் கூடாது. அப்படி ஒரு இடம் உங்க மாடியில இல்லைன்னா, அந்த மாடியில கம்பம் வேணாம். உள்ளேயே, ஜன்னலோரம் கட்டுங்க. தூக்கி நிறுத்தும்போது ஒருத்தர் வேலை செய்யாம மேலே மட்டும் பார்த்துக்கிட்டு நிக்கணும். இடி மின்னல் வரப்போகுதுன்னா, வர்றதுக்கு முன்னாடியே கேபிளைச் செட்டிலிருந்து கழட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டுடுங்க.

கழட்டி வெச்சது மறுபடி மாட்டுவதற்குத்தான்

2004 டிசம்பர்ல பாரதி பிரசாத்ங்கிற பெண் ஹாம், வி.யூ.2.ஆர்.பி.ஐ., ஒரு குழுவோட அந்தமானுக்குப் போயிருந்தார். அங்கேயிருந்து ஒலிபரப்ப அபூர்வமா அனுமதி கிடைச்சிருந்தது. உலகம் பூரா ஹாம்களோட பேசிக்கிட்டு இருந்தாங்க. கிட்டத்தட்ட விளையாட்டுதான். டிசம்பர் 26 காலையில நிலநடுக்கம், சுனாமி. போன் இல்லை, கரண்ட் இல்லை. விளையாட்டுக்குக் கட்டின அதே ஆன்டெனா, அதே செட்டு. தீவிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி போக அதுவே வழி ஆச்சு. யார் உயிரோட இருக்காங்கன்னு எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

கவனிச்சீங்களா? ஆபத்து வந்ததுக்கப்புறம் அவங்க ஆன்டெனா தேடிப் போகலை. ஏற்கெனவே கட்டியிருந்தாங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் மேலேயே உட்கார்ந்து, 24 மணி நேரத்துல 45 செ.மீ.க்கு மேல மழை கொட்டினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ராத்திரியில பித்தளை ராடு வாங்க முடியாது. காயலான் கடை ஷட்டர் மூடியிருக்கும்.

ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. ஆன்டெனா செய்யலாம், ஒயர் சுத்தலாம், சால்டர் பழகலாம். ஆனா உரிமம் இல்லாம ஒலிபரப்பினா சட்டப்படி குற்றம். ஆன்லைன்ல சல்லிசா வர்ற வாக்கி டாக்கியை வாங்கி அமுக்கிப் பார்க்கிற வேலையே வேணாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூ.பி.சி. பிரிவுதான் தேர்வும் உரிமமும் தருது. விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' தளத்துல. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸ், விதிமுறைகள், இவ்வளவுதான் பாடம். இன்ஜினீயரிங் படிக்கணும்னு இல்லை, பி.ஏ. தமிழ் படிக்கிறவங்களும் எழுதலாம். பிளஸ் டூ பாஸ் பண்ணின உங்களுக்கு இது பெரிய மலை இல்லை.

தட்டாஞ்சாவடி தம்பிக்கு வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கான ஹோம்வொர்க். பித்தளை ராடு, ஒரு சாக்கெட், ஒரு பி.வி.சி. பைப், ஒரு சைக்கிள் ட்யூப். நாலையும் நாலு கடையில தேடுங்க. கடைக்காரர், "எதுக்குப்பா இது?"ன்னு கேட்பார். நின்னு பொறுமையா விளக்கிச் சொல்லுங்க. அடுத்த தடவை அவரே உங்களுக்காக எடுத்து வெச்சிருப்பார். எனக்கு அப்படித்தான் பாதி சாமான் சேர்ந்தது.

அப்புறம், கடலூர்ல படிக்கிற உங்க ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, இதைக் கிழிச்சு அவங்களுக்கும் ஒரு காப்பி கொடுங்க. நம்ம பக்கத்து மாடியில மட்டும் ஆன்டெனா இருந்து என்ன பிரயோஜனம்? "நல்லாயிருக்கோம்"னு சொல்ல அந்தப் பக்கமும் ஒருத்தர் வேணுமில்ல!

அடுத்த வாரம் பார்ப்போமா?